ஒரு ‘போயிட்டு வர்றேன்’ செய்த வேலை

1

நேற்று எங்கள் ரொட்டி ஆலையில் எல்லா எந்திரங்களையும் நிறுத்தினார்கள். வருடத்துக்கு ஒருமுறை, அதே நாளில் நிறுத்துவது வழக்கம். யாரும் செத்த நாள் இல்லை, முதலாளியின் பிறந்த நாளும் இல்லை. ஒரு பெண்ணின் கை போகாமல் தப்பித்த நாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை மாவு பிசையும் எந்திரத்தின் முன்னால் நிற்கவைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். கொஞ்ச வருடமாக அந்த ‘யாராவது’ நான்தான்.

நான் சவரிமுத்து. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, ஊரில் ஒரு அரிசி ஆலை, அப்புறம் வளைகுடாவில் ஒரு குடிநீர்க் கம்பெனி என்று சுற்றி, கடைசியில் அயர்லாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தவன். ஆள் கிடைக்காமல் வருகிறவனுக்கெல்லாம் வேலை கொடுத்த காலம் அது. இங்கே வெயில் எப்போதாவது அடிக்கும், மழை எப்போதும் பெய்யும், ஆனால் மருந்துக்குக்கூட ஒரு நெல் வயல் கிடையாது. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு வெறும் புல்லை வளர்க்கிறார்களே என்று வந்த புதிதில் எனக்கு வயிறு எரிந்தது. மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று பேப்பரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

நேற்று என் முன்னால் நின்றவர்களில் பிரேசில்காரர்கள் இருந்தார்கள், போலந்துக்காரர்கள் இருந்தார்கள், ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. “ஒருத்தர் ‘போயிட்டு வர்றேன்’னு சொன்னார். அதனாலதான் அந்த விபத்து நடக்கப் பார்த்தது” என்று ஆரம்பித்தேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வருடா வருடம் இதே பார்வைதான். பிலிப்பைன்ஸ் பெண் மட்டும் வாயைத் திறந்து, “அதுல என்ன தப்பு?” என்று கேட்டாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். தமிழில் இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இப்போது எழுதத் தோன்றியதற்கு நேற்று மட்டும் காரணமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் ஒன்று நடந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் என்னைவிட்டு இறங்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் ஆலைக் கதை தெரியாமல் அது புரியாது.

2

முதலில் நான் எப்படி வேலை கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். ஊர் அரிசி ஆலையில் யாரும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கேள்வி கேட்டால், “இதுகூடத் தெரியாம என்னடா ஐ.டி.ஐ. படிச்ச?” என்பார்கள். கேட்காமல் செய்தால், “பெரிய இவன், எல்லாம் தெரிஞ்சவன்” என்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்தவன் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்துத் திருடிக்கொள்வதுதான் படிப்பு.

ஆனால் ஒரு பாடம் மட்டும் சேர்ந்த அன்றைக்கே எல்லாருக்கும் வந்துவிடும். எது உடைந்தாலும் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, “எவன்டா செஞ்சது?” என்பார். “நான் இல்லீங்க.” அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்ல வேண்டும், கண்ணை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஒரு குறுவை அறுவடையின்போது உமி நீக்கும் எந்திரத்துக்குள் ஒரு போல்ட்டு விழுந்து உள்ளே எல்லாம் நாசமாயிற்று. மேலே இருக்கிற மூடியின் திருகு தளர்ந்திருந்ததுதான் காரணம் என்று வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சம்பாவில் அதே மூடி, அதே திருகு, அதே போல்ட்டு. நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்த மூடிக்குக் கீழே நிற்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். ஆலை ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. அப்போது அது எனக்கு வினோதமாகவும் படவில்லை. வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3

இங்கே வந்த முதல் நாள் என் கையில் ஒரு பூட்டைக் கொடுத்தார்கள். சிவப்புப் பூட்டு, ஒரே ஒரு சாவி. எந்திரத்துக்குள் கை விடுவதற்கு முன்னால் அதன் சுவிட்சை அணைத்து, சுவிட்சுப் பெட்டியில் அவரவர் பூட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி அவரவர் பையில். அந்தப் பூட்டு தொங்குகிற வரைக்கும் உலகத்தில் எவனும் அந்த எந்திரத்தை ஓட்ட முடியாது. போட்டவன்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் இன்னொருவன் பூட்டில் கை வைக்கக் கூடாது.

பூட்டின் மேல் பெயர் இருக்கும். என் பூட்டில் ‘ஆரோக்கியசாமி’ என்று இருந்தது. அது என் அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்ததால், குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஆலை வரைக்கும் எல்லாரும் என்னை ஆரோக்கியசாமி ஆக்கிவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லிப் பார்த்தேன். “அப்படியானால் சவரிமுத்து என்பவர் யார்?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். விட்டுவிட்டேன். ஆயுசுக்கும் அடுத்தவன் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன மனுஷர், ஒரு பம்ப்செட்டுக்குக்கூடச் சொந்தக்காரர் இல்லை, அவர் பெயர் அயர்லாந்து எந்திரத்தில் சிவப்பாகத் தொங்கியது. போனில் சொன்னேன். “ஏன், நான் அங்க வேலைக்கு வந்தாத்தான் என்னவாம்?” என்று சிரித்தார்.

சில வருடம் கழித்து அன்பழகன் வந்தான். ஒரத்தநாட்டுப் பக்கம். திருமணமாகி ஒரே மாதத்தில் கிளம்பி வந்தவன். அவனுக்கு நான் ‘அண்ணே’. எனக்கு அவன் ‘தம்பி’. பேச ஆள் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி லூர்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனுக்கும் சேர்த்து மீன்குழம்பு வைப்பாள். நான் அப்போது ஷிஃப்டுக்குப் பொறுப்பாளன் ஆகியிருந்தேன். அவனுக்குப் பூட்டு விதியைக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான்.

4

மாவு பிசையும் எந்திரம் ஒரு ஆள் நின்று குளிக்கிற அளவுக்குப் பெரிய தொட்டி. உள்ளே இரும்புக் கை ஒன்று சுற்றும். தொட்டி சுவருக்கு இந்தப் பக்கம். சுவிட்சுப் பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம். யார் அப்படிக் கட்டினானோ தெரியவில்லை.

அன்றைக்கு அன்பழகன் அந்தப் பக்கம் தன் பூட்டைப் போட்டுவிட்டு வந்து தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கூட இருந்தவள் மோரின். இந்த ஊர்க்காரி, எங்கள் எல்லாரையும்விட அந்த ஆலையில் பழையவள், வாய் கொஞ்சம் அதிகம். ஷிஃப்டு முடியும் மணி அடித்தது. மோரினுக்கு இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம். அன்பழகன் கையைத் துடைத்துக்கொண்டு, தன் ஆங்கிலத்தில் ‘போயிட்டு வர்றேன்’ என்று அவளிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய், விதிப்படி தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டான்.

மோரின் என்ன நினைத்திருப்பாள்? கழிப்பறைக்குப் போகிறான், இப்போது வந்துவிடுவான், அவன் பூட்டு தொங்குகிறது, நமக்குப் பயமில்லை. தன் பூட்டைப் போடாமலே தோள் வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டு அடிமாவைச் சுரண்டினாள். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவன் அந்தப் பக்கம் பெட்டியில் பூட்டு எதுவும் இல்லாததைப் பார்த்தான். சுவிட்சைப் போட்டான்.

ஓடுவதற்கு முன்னால் அந்த எந்திரத்தில் ஒரு சைரன் ஊதும். அந்தச் சைரனால்தான் மோரின் கை இன்றைக்கு இருக்கிறது. இழுத்துக்கொண்டாள், ஆனால் மேல்கோட்டின் கை உள்ளே மாட்டிக்கொண்டது. நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தோளோடு கிழிந்த வெள்ளைத் துணி இரும்புக் கையில் சுற்றிக்கொண்டு மாவோடு மாவாகப் போய்க்கொண்டிருந்தது. அவசர நிறுத்தப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். அவள் தன் கையை மற்றொரு கையால் தடவித் தடவிப் பார்த்தாள். இன்றைக்கும் அந்தத் துணி சுற்றியது கண்ணில் இருக்கிறது.

5

மறுநாள் விசாரணை. காலையிலேயே அன்பழகனை வாசலில் மடக்கினேன். அவனுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். முகம் வெளுத்துவிட்டது. வேலை அனுமதிப் பத்திரம் இந்த ஆலையின் பெயரில்தான் இருந்தது. வேலை போனால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

“தம்பி, எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. நான் இல்லன்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வருடம் பூட்டும் சாவியுமாக இருந்திருக்கிறேன், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்! ஒரு நெருக்கடி என்றதும் உள்ளேயிருந்து வெளியே வந்தது அரிசி ஆலைக்காரன்தான்.

உள்ளே போனால் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் தேநீர், ஒரு தட்டு பிஸ்கட். பாதுகாப்பு அதிகாரி ஓர்லா, வயதில் எங்களைவிடச் சின்னவள், எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். அன்பழகன் என் காதில், “அண்ணே, பிஸ்கட்லாம் குடுக்குறாங்களே, கணக்கத் தீத்து அனுப்பத்தானே?” என்றான்.

யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. ஓர்லா கேட்டது ஒரே கேள்வி. “அந்த நேரத்துல அது உங்களுக்கு ஏன் சரின்னு பட்டுச்சு?” முதலில் மோரினிடம். பிறகு சுவிட்சைப் போட்டவனிடம். பிறகு அன்பழகனிடம்.

அவன் எழுந்து நின்று, “நான் இல்லை” என்றான்.

ஓர்லாவுக்குப் புரியவில்லை. “நீங்க இல்லன்னா?”

மோரின் பொறுக்க மாட்டாமல் திரும்பினாள். அங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான், நான் நம் தமிழிலேயே எழுதுகிறேன். “வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போன?”

“ஆமாம், சொன்னேன்.”

“எங்க வந்த?”

“வந்தேனே! இன்னைக்குக் காலையில வந்தேனே!”

மோரின் அவனைப் பார்த்தாள், ஓர்லா என்னைப் பார்த்தாள். அவன் கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். பாவி, அவன் சத்தியத்தைத்தான் சொல்கிறான். எனக்குத்தான் அந்த நொடியில் எல்லாம் விளங்கியது.

எழுந்து விளக்கினேன். எங்கள் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு இறங்க மாட்டோம். அது சாவைக் கூப்பிடுகிற சொல். கடைக்குப் போகிறவனும் ‘போயிட்டு வர்றேன்’தான், கடல் தாண்டிப் போகிறவனும் ‘போயிட்டு வர்றேன்’தான். மாதா கோயிலுக்குப் போகிற வீட்டிலும் சரி, மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீட்டிலும் சரி, இதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. நானே தஞ்சாவூர் ஜங்ஷனில் அதைத்தான் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

ஓர்லா பொறுமையாகக் கேட்டாள். “சரி, நிஜமாவே அஞ்சு நிமிஷத்துல திரும்பி வரப் போறவர் என்ன சொல்லுவார்?”

“அதையேதான்.”

“அப்போ கேக்குறவருக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்” என்றேன். எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. போகிறவன் கையில் இருக்கிற பை, செருப்பு மாட்டுகிற வேகம், எதையோ வைத்து நமக்குத் தெரிந்துவிடுகிறது. மோரினுக்கு அது எப்படித் தெரியும்?

அன்பழகனை யாரும் திட்டவில்லை. கடைசியில் ஓர்லா அவன் கையைப் பிடித்து, சொன்னதற்கு நன்றி என்றாள். வெளியே வந்ததும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

6

அதோடு முடிந்திருந்தால் நான் அந்த ஆலையைப் பற்றிப் புகழ்ந்து நாலு வரி எழுதி, ஊர் ஆலையைக் கொஞ்சம் கிண்டலடித்து முடித்திருப்பேன். ஆனால் ஆலை பாடம் கற்றுக்கொண்டதே, அந்தப் பாடம் எங்கள் தலையில்தான் விடிந்தது.

இனிமேல் ஷிஃப்டு முடிந்து போகிறவர்கள், இருக்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாக்கியத்தை மேனேஜர் எழுதி, சுவரின் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டார். தமிழில் சொன்னால் அது இதுதான்: ‘நான் போகிறேன். திரும்பி வரமாட்டேன்.’

படித்ததும் எனக்குக் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. இதையா தினமும் சொல்ல வேண்டும்? அப்பாவின் பெயர் போட்ட பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘நான் போகிறேன், திரும்பி வரமாட்டேன்’ என்றேன். அடுத்தவன், ‘நீ போகிறாய், திரும்பி வரமாட்டாய்’ என்று சிரித்த முகமாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஊருக்குப் போன் போட்டேன். அப்பா நன்றாகத்தான் இருந்தார். “என்னடா இந்த நேரத்துல?” என்றார். சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் சொல்வது வெறும் சத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் பிறகு எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்பழகன் சொல்லவில்லை. பூட்டைக் கழற்றுவான், மோரின் முன்னால் வந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். மோரினும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்தார். அப்புறம் இன்னொரு தடவை. பாதுகாப்பு விதியை மதிக்காதவனுக்கு அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க ஆலை கையெழுத்துப் போடாது என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். புதுப்பிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் அவனைப் பிடித்தேன். எனக்குக் கோபம். “ஒரு வார்த்தை! வாயால சொல்லித் தொலைச்சா என்னடா குறைஞ்சிடும்? நான் சொல்லலையா? சோத்துல மண்ணைப் போட்டுக்கப் போறியா?”

அவன் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே நின்றான்.

“எங்கப்பா சொன்னாருண்ணே.”

“என்ன சொன்னாரு?”

“அம்மாகூட ஏதோ சண்டை. சட்டைய மாட்டிக்கிட்டு, ‘நான் போறேன், இனிமே வரமாட்டேன்’னு கத்திட்டுப் போனாரு. கோவத்துல சொல்றதுதானே, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவாருன்னு அம்மா கொழம்பக்கூட எறக்கல. புதுஆத்துப் பாலத்துல லாரிக்காரன் அடிச்சிட்டான். பொய்யாத்தாண்ணே சொன்னாரு. நெசமாயிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அப்பா இல்லை என்று தெரியும். எப்படிப் போனார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன்ல, எம் பொண்டாட்டி இப்ப முழுகாம இருக்காண்ணே. நேத்துதான் போன்ல சொன்னா. இந்த நேரத்துல நான் தெனம் அந்த வார்த்தைய எப்படிண்ணே சொல்லுவேன்? அவங்க என்ன ஊருக்கு அனுப்பினாலும் சரி.”

7

அடுத்த நாள் நானே போய் ஓர்லாவிடம் இன்னொரு தடவை எல்லாரையும் கூட்டச் சொன்னேன். மறுபடியும் வட்டம், மறுபடியும் பிஸ்கட். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது வெறும் வார்த்தை. உயிர் போற விஷயத்துல ஒருத்தருக்காக விதியை வளைக்க முடியாது” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. மோரினின் கிழிந்த கோட்டை நான் மறக்கவில்லை.

ஓர்லா அன்பழகன் பக்கம் திரும்பினாள். அதே கேள்வியைப் புரட்டிப் போட்டுக் கேட்டாள். “இதைச் சொல்றது உங்களுக்கு ஏன் சரின்னு படல?”

நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானே சொன்னான். உடைந்த ஆங்கிலம். அப்பா, சண்டை, பாலம், லாரி. இறக்காத குழம்புக்கு அவனுக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை. அடுப்பு, பானை என்று கையாலேயே காட்டினான். மேனேஜர் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மோரின்தான் முதலில் வாயைத் திறந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் சண்டைக்காரி குரல்.

“எனக்கு நீ போறியா, வர்றியா, செத்தியா, பொழைச்சியான்னு எதுக்குத் தெரியணும்? இத்தனை நாளா எல்லாரும் ஆளையே பாத்துக்கிட்டிருக்கோம். உன் பூட்டு எங்க? அதைச் சொல்லு போதும்! பூட்டு இல்லன்னா நான் என் பூட்டைப் போட்டுக்கிறேன்.”

ஓர்லா பேனாவை எடுத்தாள். சுவரில் இருந்த வாக்கியம் அன்றைக்கே மாறியது: ‘என் பூட்டைக் கழற்றிவிட்டேன். உங்கள் பூட்டைப் போடுங்கள்.’ போவதும் இல்லை, வருவதும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பழைய வாக்கியத்தைவிட இதுவே பாதுகாப்பு. கழிப்பறைக்குப் போகிறவனுக்கும் இதே வாக்கியம்தான், வீட்டுக்குப் போகிறவனுக்கும் இதே வாக்கியம்தான். அன்றைக்குச் சாயங்காலம் அன்பழகன் மோரினின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னான். அவள் தன் பூட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, ‘போயிட்டு வர்றேன்’ என்பதையும் தன் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டான். “போய்த் தொலை, காலையில வா” என்றாள் மோரின்.

பத்திரம் புதுப்பித்தாகிவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. பிறகு அவன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டான். மோரின் ஓய்வு பெற்றுவிட்டாள். ஓர்லாவும் அந்த மேனேஜரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு ஆலையில் எல்லாரும் அந்த வாக்கியத்தைச் சொல்கிறார்கள், ஆனால் அன்பழகன் யார் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊர் ஆலையில் ஆட்கள் கற்றுக்கொண்டோம், ஆலை கற்றுக்கொள்ளவில்லை. இங்கே ஆலை கற்றுக்கொண்டுவிட்டது. யார் கொடுத்த விலையில் கற்றுக்கொண்டது என்பதை மறந்துவிட்டது. அதனால்தான் வருடா வருடம் என்னைச் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று சொல்வதில்லை.

8

இனி என் வீட்டு வாசல்.

எங்களுக்கு ஒரே பெண், ஜெனி. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது அவளுக்குத் தெரியாது. பள்ளியில் என் பெயர்தான் அவளுக்குக் குடும்பப் பெயர். சவரிமுத்து என்று என்னை இந்த நாட்டில் யாரும் கூப்பிட்டதில்லை, அவளைக் கூப்பிடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் கல்லூரிக்காக டப்ளினுக்குக் கிளம்பினாள். அங்கேயே தோழிகளோடு அறை எடுத்தாகிவிட்டது.

நான் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்தேன். ஜெனி வாசலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து, “அப்பா, நான் போறேன்” என்றாள்.

எத்தனையோ நாள் ஆலையில் அந்தச் சொல்லை நானே சொன்னவன். தமிழில், என் பிள்ளை வாயில், அது என்னவோ செய்துவிட்டது.

சமையலறையிலிருந்து லூர்து கரண்டியோடு ஓடிவந்தாள். “வாயக் கழுவுடி! போயிட்டு வர்றேன்னு சொல்லு!”

“ஆனா நான் வரலையேம்மா.”

“சும்மா சொல்லு.”

“சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆனா மூணு பேருக்குச் சோறாக்கி வச்சிட்டு நீ வெயிட் பண்ணிட்டு இருப்ப. லீவுக்கு வருவேன். வர்றப்ப போன் பண்றேன்.”

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது ஓர்லாவின் கேள்விதான். “அப்படிச் சொல்றது உனக்கு ஏன்மா சரின்னு படுது?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நீங்கதானேப்பா சொன்னீங்க? சின்ன வயசிலேர்ந்து அந்தக் கதைய எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க! அன்பு சித்தப்பா வர்றேன்னு சொல்லிட்டு வரல, அதை நம்பி ஒரு ஆன்ட்டிக்குக் கை போகப் பாத்துச்சுன்னு. வராதப்ப வர்றேன்னு சொன்னா, நம்பிக்கிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் அடிபடும்.”

ஆலையில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லி, அவர்களுக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று முகத்தைத் தேடுகிறவன் நான். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒருத்தி ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? லூர்து என்னை முறைத்தாள். எல்லாம் உன்னால்தான் என்ற முறைப்பு.

ஜெனி பைக்குள் கையை விட்டு வீட்டுச் சாவியை எடுத்து, ஷூ வைக்கிற பலகையின் மேல் வைத்தாள். “சாவி இங்க இருக்குப்பா. அங்க தொலைச்சிடுவேன்.”

அதை மட்டும் நான் விடவில்லை. சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

“சாவி உங்கிட்டதான் இருக்கணும். பூட்டுக்குச் சொந்தக்காரி நீ. வேற யாரும் அதுல கை வைக்கக் கூடாது. அதுவும் ஆலையில படிச்சதுதான்.”

சிரித்தாள். சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். “சரிப்பா. போறேன்” என்றாள், மறுபடியும்.

“போயிட்டு வா” என்றேன். கேட்டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜெனி வர்றேன் என்று சொல்லவே இல்லை. காலையில் லூர்து அரிசியை அளந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்று பேருக்குத்தான் உலை வைத்தாள்.